நக்கலைக் கழித்த மிச்சம்

1. நுளம்பின்ரை மச்சான்

இன்னொருவருடைய விரலில் குத்தி இரத்தம் எடுக்க நான் முதன்முதலாகப் போன நாளில், எடுத்தது என்னுடைய இரத்தம்.

தொண்ணூறுகளின் தொடக்கம், வட்டக்கச்சி. மலேரியாப் பிரிவில் அப்போதுதான் எனக்கு வேலை கிடைத்திருந்தது. காய்ச்சல் உள்ள வீடுகளுக்குச் சைக்கிளில் போக வேண்டும். விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவ வேண்டும். அதைச் சிலைட் என்போம். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, சிலைட்டுக்குச் சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் கிருமி தேட வேண்டும். பயிற்சியில் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். பயிற்சியில் எனக்கு முன்னால் கந்தப்பு அண்ணை இருக்கவில்லை.

கந்தப்பு அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயல் செய்தவர். நான் படலையைத் திறக்க முதலே தொடங்கிவிட்டார்.

"இஞ்சை பாரப்பா, நுளம்பின்ரை மச்சான் வந்திருக்கிறார். கதிரை எடுத்துப் போடு," என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "வாரும் தம்பி. அவர் இரவிலை கடிக்கிறார், நீர் பகலிலை. ரெண்டு பேரும் முறை வைச்சோ வாறியள்?"

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அயலவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊரில் நான் பெரிய பகிடிக்காரன். ஆனால் பகிடி விட்டுப் பழகியவனுக்குப் பகிடி வாங்கிப் பழக்கம் இருப்பதில்லை. வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே ஊசியை எடுத்தேன். அவருடைய விரலை இடக்கையால் இறுக்கிப் பிடித்து, வலக்கையால் குத்தினேன். ஊசி என் பெருவிரலில் இறங்கியது.

"பாவம், தங்கமான பெடியன்," என்றார் கந்தப்பு அண்ணை. "எங்களுக்கு நோகக் கூடாதெண்டு தன்ரை ரத்தத்தையே எடுத்துக்கொண்டு போறார். இப்பிடி ஒரு உத்தியோகத்தர் எந்த ஊருக்குக் கிடைக்கும்?"

வேறு ஊசி எடுத்து, வேலையை முடித்து, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் பொறுப்பு டொக்டர் ஒரு பெண். அவா சிரித்து நான் கண்டதில்லை. என் பெருவிரல் கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். அவா தலை நிமிராமல் கேட்டா.

"சிவம், அந்த மனுசனுக்குக் காய்ச்சல் எப்பிடி?"

"காய்ச்சல் தன்னைக் கலியாணம் முடிச்சிட்டுதாம் டொக்டர். கோவிச்சுக்கொண்டு போகுதாம், பிறகு மனம் கேளாமல் திரும்பி வருகுதாம். வரேக்கை ஐஸ் பெட்டியையும் சீதனமாக் கொண்டு வருகுதாம்."

"நக்கலைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைச் சொல்லும்."

கழித்துப் பார்த்தேன். கன நாளாக, விட்டுவிட்டு, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். அவ்வளவுதான் மிச்சம். ஆனால் ஒன்றும் குறையவில்லை. அந்த மனிதர் எனக்கு வேண்டிய எல்லாவற்றையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

2. வாயில் தெரியும் காய்ச்சல்

நக்கல் எங்கேயிருந்து வருகிறது என்று நான் யோசிக்கத் தொடங்கியது ஒரு கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில். அந்தக் காலத்தில் வன்னிக்குள் சவர்க்காரம், பற்றரி, மண்ணெண்ணெய் எதுவும் லேசில் வராது. போருக்காக அரசாங்கம் போட்ட தடை. அன்றைக்கும் சவர்க்காரம் வரவில்லை என்று கடைக்காரர் கையை விரித்தார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கந்தப்பு அண்ணை அவரைத் தேற்றினார்.

"பரவாயில்லை. எங்களிலை உள்ள பாசத்திலைதான் மறிச்சு வைச்சிருக்கினம். சவர்க்காரம் கிடைச்சால் கண்டபாட்டுக்குக் குளிப்பம். தடிமன் பிடிச்சிடும்."

இதே கந்தப்பு அண்ணை, பக்கத்து வீட்டு மாடு தன் வயலுக்குள் இறங்கினால் இப்படிக் கதைப்பவரல்ல. நேரே தூஷணம்தான். மாட்டுக்கும் விழும், மாட்டுக்காரனுக்கும் விழும். ஏசினால் கேட்கிற தூரத்தில் இருப்பவனை மனிதர்கள் ஏசிவிடுகிறார்கள். சவர்க்காரத்தை மறித்தவன் கேட்கிற தூரத்தில் இல்லை. கேட்கிற தூரத்தில் வந்தாலும் அவனை ஏசமுடியாது. நுளம்பையும் ஏசமுடியாது. மேலே சுற்றுகிற பிளேனையும் ஏசமுடியாது. ஏச்சு எங்கேயாவது போக வேண்டுமே! அரசாங்கப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சைக்கிளில், கைக்கெட்டிய தூரத்தில் வருகிறவன் நான். எனக்கு விழுகிற நக்கலில் பெரும்பங்கு எனக்குரியதல்ல என்று விளங்கிய பிறகு என் பெருவிரல் தப்பியது.

அதற்குப் பிறகுதான் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தேன். செய்ததாக நினைத்தேன்.

ஒருநாள் கந்தப்பு அண்ணை வீட்டுக்குப் போனேன். படலை திறக்கும்வரை சத்தமில்லை. மாமரத்துக்குக் கீழே சாக்குக் கட்டிலில் கிடந்தவர் என்னைக் கண்டதும், "தம்பி, வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறீர். இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போம்," என்றார்.

கிட்டப் போய் நெற்றியில் கை வைத்தேன். "அண்ணை, என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்டுமில்லைத் தம்பி. நீர் நல்ல பிள்ளை."

அவரைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, அவர் விழாமல் பின்னால் பிடித்துக்கொண்டு வர மனைவியிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு உழக்கினேன். சிலைட்டில் கிருமி கூட்டம் போட்டுக்கொண்டிருந்தது. குளிசைகள் உள்ளே போய், வியர்த்து, காய்ச்சல் இறங்கிய பிறகு வார்ட்டில் எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் ஏந்தியபடி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மைக்ரோஸ்கோப்பை ஒருக்காக் கொண்டு வாரும். இந்தக் கறிக்குள்ளை பருப்பு இருக்கெண்டு சொல்லுகினம். நீர்தான் கண்டுபிடிச்சுத் தரவேணும்."

பசி வருவதற்கு முதலே வாய் வந்துவிட்டது. அன்றிலிருந்து காய்ச்சல் ஏற ஏற நக்கல் இறங்கும், நக்கல் ஏறினால் ஆள் தப்பிவிட்டார் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். தேமோமீற்றர் உடைந்து, மாற்றுவதற்கு வேறு வராத காலம். டொக்டரிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். "ம்," என்றா. அது பாராட்டு என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

3. மரியாதையான ஊர்

பிறகு சண்டை நெருங்கி, வட்டக்கச்சியோடு கிளிநொச்சி முழுவதும் இடம்பெயர்ந்தது. ஆஸ்பத்திரியும் கட்டில்களோடும் அலுமாரிகளோடும் காட்டுப்பக்கம் போனது. கந்தப்பு அண்ணையின் குடும்பம் அக்கராயனில் ஒரு மரத்துக்குக் கீழே தறப்பாளை இழுத்துக் கட்டிக்கொண்டு இருந்தது. "இப்பதான் நிம்மதி," என்றார். "கூரை ஒழுகுதெண்டு இவ இனி என்னை ஏச மாட்டா." ஆள் சுகமாக இருக்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது ஜெயபுரமும் சேர்த்துத் தரப்பட்டது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கலவரங்களில் அடிபட்டு, எரிபட்டு வந்த சனம் காடு வெட்டிக் குடியிருந்த ஊர். முதல் தடவை போனபோதே எனக்கு அந்த ஊரைப் பிடித்துவிட்டது. ஒருவரும் என்னை நுளம்பின் உறவுக்காரன் ஆக்கவில்லை. எழுந்து நின்றார்கள். "வாங்கய்யா", "ஒக்காருங்கய்யா" என்றார்கள். விரலைக் கேட்க முதல் நீட்டினார்கள். இத்தனை வருடம் வாங்கிய நக்கலுக்குக் கடவுள் தந்த ஓய்வு என்று நினைத்தேன்.

அங்கே மருதாயி என்றொரு பெண் இருந்தா. நாற்பது வயதிருக்கும். கணவர் ராமையாவுக்குக் காய்ச்சல். ராமையா வாசலில் சுவரோடு சாய்ந்திருந்து, கும்பிட்டார். சிலைட் எடுத்தேன். முடிவு வரும்வரை காத்திராமல் முதல் குளிசைகளை அங்கேயே கொடுப்பது எங்கள் முறை. குளிசை சரியான கைப்பு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டி வாந்தி வரும். அதனால், "சாப்பாட்டுக்குப் பிறகு குடுங்கோ," என்று சொல்வோம். நாங்கள் பார்த்திருக்க விழுங்க வேண்டும் என்பது அடுத்த விதி.

"இப்ப என்ரை கண்ணுக்கு முன்னாலை போடச் சொல்லுங்கோ," என்றேன்.

"சாப்பாட்டுக்கு அப்புறமா போட சொன்னீங்களே ஐயா," என்றா மருதாயி. கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகம். "அதான் சாப்பாடு வரட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கோம்."

"சரி சரி, அவசரமில்லை. வடிவாச் சாப்பிட்டிட்டு ஆறுதலாப் போடட்டும்."

"ஆமாங்க. வடிவா சாப்புட்டுட்டுப் போடுவாரு. ரொம்ப நல்ல மாத்திரைங்க. நீங்க குடுக்கிற நேரத்துக்குக் காச்சலே பயந்துடும்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுப்பில் புகை இல்லாததைப் பார்த்தேன். ஆனால் புகையாத அடுப்பைவிடப் புகழ்கிற வாய் எனக்குப் பெரிதாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, "ஜெயபுரம் சனம் நல்ல ஒத்துழைப்பு டொக்டர். குளிசையைப் பற்றி நல்ல அபிப்பிராயம்," என்று சொன்னேன்.

"ம்," என்றா அவா.

அந்தச் சிலைட்டைப் பார்த்தபோது தலைக்கு ஏறுகிற வகைக் கிருமி. பரவாயில்லை, முதல் குளிசைகள் கையில் கொடுத்தாயிற்று, மிச்சத்தை அடுத்த முறை கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை என்பது, மழை பெய்து பாதை சேறாகி, சில நாள் பிந்திவிட்டது.

4. மரியாதையைக் கழித்தால்

மருதாயி வாசலில் நின்றா. அதே கட்டிய கை, அதே சிரித்த முகம்.

"எப்பிடி இருக்கிறார்?"

"ரொம்ப அமைதியா இருக்காருங்க ஐயா. முந்தி மாதிரி முனகல் இல்ல. ஒரு தொந்தரவும் இல்ல."

"நல்லது. இந்தாங்கோ, மிச்சக் குளிசை. சாப்பாட்டுக்குப் பிறகு."

"சரிங்க ஐயா. நீங்க போங்க. உங்களுக்கு நேரமாயிடும். எங்க நேரம் இங்கேயேதான் கெடக்குது."

நான் சைக்கிளில் ஒரு காலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த நிலையில்தான் அந்தக் கடைசி வசனம் மண்டைக்குள் போனது. இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன். "நீர் போம் தம்பி, உமக்கு நேரம் போகுது. எங்கடை நேரம் இஞ்சைதானே கிடக்குது!" அது கந்தப்பு அண்ணையுடைய வசனம். வேலிக்கு மேலால் நாலு வீட்டுக்குக் கேட்க அவர் சத்தமாகச் சொல்வதை, இவா தாழ்ந்த குரலில் கையைக் கட்டிக்கொண்டு சொல்கிறா.

டொக்டர் சொல்லித் தந்த கழித்தலைச் செய்தேன். இந்த முறை கழிக்க வேண்டியது நக்கலை அல்ல, மரியாதையை. 'ஐயா'வைக் கழித்தேன். 'சரிங்க'வைக் கழித்தேன். சிரிப்பைக் கழித்தேன். மிச்சம் வந்தது: என்னுடைய மனிசன் சாகப் போகிறான், நீ சைக்கிளில் ஏறுகிறாய்.

சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ராமையா பாயில் கிடந்தார். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. தலைமாட்டில் நான் கொடுத்த குளிசைகள், கொடுத்தபடி, ஒரு சிரட்டைக்குள். அடுப்புச் சாம்பலில் ஒரு பூனை படுத்திருந்தது. அந்தப் பூனை அங்கே பல நாளாகக் குடியிருப்பது அதன் முகத்திலேயே தெரிந்தது.

பிறகு நான் செய்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். முதலில் பையைத் திறந்து ஒரு புதுச் சிலைட்டை எடுத்தேன். எதற்கென்று இன்றுவரை தெரியாது. பிறகு நாடி பிடித்தேன். குதிரை ஓடுவது போல் அடித்தது. "நாடி சரியான வேகம்! நாடி சரியான வேகம்!" என்று கத்தினேன்.

"ஐயா," என்றா மருதாயி மெதுவாக. "அது உங்க கைங்க."

வெளியே ஓடிவந்து, "ஆராவது டொக்டரைக் கூப்பிடுங்கோ!" என்று கத்தினேன். முன் வீட்டுப் பெரியசாமி வேலியில் கையை வைத்தபடி, "நீங்கதானேங்க டாக்டரு?" என்றார். அவர் நக்கலாகக் கேட்கவில்லை. நக்கலாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் அவரிடம் ஒரு லான்ட்மாஸ்டர் இருந்தது. மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்றி ஓட்டுகிற கையுழவு இயந்திரம். அதன் பெட்டியில் வைக்கோல் போட்டு ராமையாவைக் கிடத்தினோம். காட்டுப்பாதையில் அது புகையைக் கக்கிக்கொண்டு நடந்தது. ஓடியது என்று சொல்ல மனம் வரவில்லை. நான் ராமையாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டேன். "அக்கா, சாப்பாடில்லை எண்டு அண்டைக்கே நேரடியாச் சொல்லியிருக்கலாமே?"

மருதாயி கணவரின் முகத்தில் வெயில் படாமல் முந்தானையைப் பிடித்திருந்தா. "தோட்டத்துல கொட்டுற மழையில கொழுந்து எடுக்கணும். முடியாதுன்னு கணக்கப்புள்ளகிட்ட நேரா சொன்னா அன்னிக்கு அரைப்பேரு தான் போடுவாரு." பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். "'நல்ல மழைங்க ஐயா, கொழுந்தும் குளிக்குது, நாங்களும் குளிக்கிறோம்'னு சொன்னா சிரிச்சிட்டு முழுப்பேரு போட்டுருவாரு. எங்க ஆத்தா அப்பிடித்தான் பேசுவாங்க. எங்களுக்கும் அதுதான் வருது."

"கணக்கப்பிள்ளைக்கு அது விளங்குமோ?"

"வௌங்குறவுங்க மரத்தடியில ஒதுங்கச் சொல்லுவாங்க. வௌங்காதவுங்க, புள்ளைங்க சந்தோசமா இருக்குதுங்கன்னு போயிருவாங்க."

"நான் என்ன மாதிரி ஆள்?"

லான்ட்மாஸ்டர் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. அவா ராமையாவின் தலையைச் சரிசெய்தா. "நீங்க ரொம்ப நல்ல ஐயாங்க," என்றா.

கழித்துப் பார்த்தேன். மிச்சத்தை இங்கே எழுதப் போவதில்லை.

5. இன்றைக்கு இல்லை, டொக்டர்

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, டொக்டரின் அறைக்குள் நேரே போனேன். அவா வழக்கம்போலக் குனிந்திருந்தா.

"டொக்டர், ஜெயபுரம் ஆள். தலைக்கு ஏறுற வகைதான், சிலைட்டிலை பாத்தனான். குளிசை ஒண்டும் உள்ளை போகேல்லை. மனிசியைத் தெரியேல்லை, கூப்பிட்டால் கேக்கேல்லை."

அவா பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தா. நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதிலும் எனக்காக அவா நிமிர்ந்தது அன்றைக்குத்தான்.

"நக்கல் ஒண்டுமில்லையோ?"

"இண்டைக்கு இல்லை, டொக்டர்."

கதிரை பின்னால் விழ எழும்பி ஓடினா. நான் கந்தப்பு அண்ணையை அளந்த அதே அளவுகோலால் அவா என்னை அளந்திருக்கிறா என்பது கதிரையை நிமிர்த்தி வைக்கும்போதுதான் விளங்கியது. முன்பு அவா சொன்ன அந்த "ம்" பாராட்டு அல்ல. என் கண்டுபிடிப்பை அவா எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தா.

இருந்த கொய்னா மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றினார்கள். அன்று முழுக்கவும் மறுநாளும் ராமையா கண் முழிக்கவில்லை. மருதாயி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தா. நான் வார்ட் வாசலால் போவதும் வருவதுமாக இருந்தேன். என்னுடைய பகிடி எதுவும் வாய்க்கு வரவில்லை. தாதி ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கும் காய்ச்சலோ?" என்று கேட்டா.

அதற்கடுத்த நாள் காலை, கையில் குளிசையோடு கட்டிலடிக்குப் போனேன். ராமையாவை நிமிர்த்தி இருத்தியிருந்தார்கள். கண் என்னைத் தேடிப் பிடித்தது. நடுங்கிக்கொண்டே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அவர் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஐயா," என்றார். குரல் நூல் போல வந்தது. "இது சாப்பாட்டுக்கு முன்னாடிங்களா, சாப்பாட்டுக்கு அப்புறமாங்களா?"

மருதாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பிறகு அதே பொத்திய கைக்குள் அழுதா. நான் வெளியே போய், மைக்ரோஸ்கோப் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒரு சிலைட்டையும் பாராமல் இருந்தேன். ஆள் தப்பிவிட்டார். அதைச் சொல்ல எனக்கு வேறு பரிசோதனை தேவைப்படவில்லை.

6. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

டொக்டர் எங்கேயோ பேசி நிவாரண அரிசி கொஞ்சம் எடுத்தா. அதன் பிறகு ஜெயபுரத்துக்கு நான் போகிற நாட்களில் பாலை மரத்துக்குக் கீழே ஒரு பானை ஏறும். முருங்கையிலை போட்ட கஞ்சி. குடித்துவிட்டு, அந்த இடத்திலேயே குளிசை. "சாப்பாட்டுக்குப் பிறகு" என்று சொல்கிறவன் சாப்பாட்டையும் கொண்டு போக வேண்டும் என்பது எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. கஞ்சி காய்ச்சியது மருதாயி. விறகு பிளந்தது ராமையா.

இப்போது வேலைக்கு வருகிற தம்பி தங்கைமாருக்கு நான் சொல்வது இதுதான். உங்களை நக்கலடிக்கிற வீட்டுக்குப் பயப்படாதேங்கோ. அங்கே ஒருவர் இன்னும் உங்களிடம் எதையோ எதிர்பார்க்கிறார். அந்த நக்கலைக் கழித்தால் அவருடைய நோய் மிச்சமாக வரும். ஆனால் உங்களைப் புகழ்கிற வீட்டில் பையை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பைப் பாருங்கோ. சில சனங்கள் பரம்பரை பரம்பரையாக ஏச்சை மரியாதைக்குள் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றக் கற்றுக்கொடுத்தது எங்களைப் போல் பை மாட்டிக்கொண்டு வந்தவர்கள்தான்.

கஞ்சி தொடங்கிய புதிதில் ஒருநாள். வேலை முடிந்து சைக்கிளை எடுத்தேன். பானையைக் கழுவிக்கொண்டிருந்த மருதாயி நிமிர்ந்து, "நீங்க போங்க ஐயா, நேரமாயிடும்," என்றா.

நான் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டேன். பையை இறக்கி மரத்தடியில் வைத்தேன். "என்னக்கா? ஆருக்கு என்ன?" என்று வீடுகளைப் பார்த்து ஓடத் தொடங்கினேன்.

மருதாயி பானையை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"இல்லீங்க ஐயா," என்றா. "இன்னிக்கு நெசமாவேதான் சொன்னேன்."